கணக்கில் சேரும்

சனிக்கிழமைகளில் நான் வேன் ஓட்டுகிறேன்.
பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று
முதல் நாளே மார்லிஸிடம் சொல்லிவிட்டேன்.
"நல்லதாகப் போயிற்று" என்று பென்சிலை நீட்டினாள்.
"தெரிந்தவர்கள் ஆசையில் கூட்டி எழுதுவார்கள்."

அட்டையில் ஒரு தாள், நடுவில் ஒரு கோடு.
இடப்பக்கம் பருந்துகள்,
வலப்பக்கம் பாடும் சிற்றினங்கள்.

துலூத் நகரத்துக்கு மேலே, பாறை முகட்டில்
ஒன்பது மடக்கு நாற்காலிகள்.
கீழே சுப்பீரியர்.
ஏரி என்றுதான் பெயர்; அக்கரை தெரியாது.

அதுதான் காரணம் என்றாள் மார்லிஸ்
(வார நாட்களில் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்ப்பவள்).
கனடாவிலிருந்து இறங்கும் பருந்துகளுக்குத்
தண்ணீரின் மேல் ஏறிக்கொள்ளச் சூடான காற்று இல்லை.
கரை வந்ததும் மிரண்டு
தென்மேற்கே திரும்பிவிடும்,
சுங்கச்சாவடிக்கு ஒதுங்கும் லாரிகளைப் போல.
எல்லாமே நம் தலைக்கு மேல்.

எல்லாமே என்றாள்.
ஒன்பது மணிக்கு மூடுபனி.
பத்து மணிக்கும் அதே மூடுபனி.
இடப்பக்கம் பூஜ்யம் போட்டேன்,
வேறு வேலை இல்லாததால் அழகாகப் போட்டேன்.
ஐனோ பெக்கலா ஃபிளாஸ்க்கைத் திறந்து
யாரிடமும் வேண்டுமா என்று கேட்காமல் குடித்தார்.
ஒமாஹாவிலிருந்து வந்த காப்பீட்டுக்காரர் வெண்டல்
பருந்து வராவிட்டால் பணம் திரும்புமா என்று
இரண்டாம் முறையாகக் கேட்டார்.

அப்போது டெல்ஃபீன் கையை உயர்த்தினாள்,
வகுப்பில் உயர்த்துவது போல.
ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இரவுப்பணி முடித்து
தூங்காமல் வந்திருந்தவள்.
ரோவன் மரத்தின் சிவப்புக் கொத்தில்
ஒரு பூங்குருவி.
கண்ணைச் சுற்றி வெண்ணெய் நிறத்தில் வளையம்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்து
தூங்கி எழுந்தவரைப் போல.

"ராத்திரி முழுக்கப் பறந்திருக்கும்," என்றாள் மார்லிஸ்.
"பனி பார்த்து இறங்கிவிட்டது. எடை ஒரு கரண்டி அளவு."
"அதுவும் என் ஷிஃப்ட்தான்," என்றாள் டெல்ஃபீன்.
எல்லாரும் சிரித்தோம்.
வலப்பக்கம் ஒன்று என்று எழுதினேன்.

வந்ததை யாரும் பார்க்கவில்லை.
போனதைத்தான் பார்த்தோம்:
சாம்பல் முதுகு, நீண்ட பட்டை வால்,
அதன் காலடியில் எங்கள் பூங்குருவி.
கொத்து மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது.
ஒரு பழம் பாறையில் உருண்டு
ஐனோவின் பூட்ஸில் முட்டி நின்றது.

யாரும் பேசவில்லை.
எனக்குத்தான் கையில் பென்சில்.
"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.
"சிறு வல்லூறு, ஒன்று. இடப்பக்கம்."
"வலப்பக்கம் இருப்பது? அதை அடித்துவிடவா?"
மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள்.
"பார்த்தோமா?"
"பார்த்தோம்."
"பிறகென்ன."

டெல்ஃபீன் பைனாகுலரை இறக்கவே இல்லை.
அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அங்கே இன்னும் படிக்க ஏதோ இருப்பது போல.

வெண்டலின் மடியில் ஓர் இறகு விழுந்திருந்தது.
சட்டைப்பைக்குள் வைக்கப் போனார்.
சட்டம் விடாது என்றாள் மார்லிஸ்;
காட்டுப்பறவையின் இறகை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.
அவர் அதைப் பாறையில் வைத்தார்,
ரசீதை வைப்பது போல, விரலால் அழுத்தி.

பதினொன்றரைக்கு அது நகர்ந்தது.
வடமேற்குக் காற்று என்று யாரோ சொல்லும் முன்பே
எழும்பி, விளிம்பைத் தாண்டி,
ஒரு பருந்தும் துணியாத திசையில்
ஏரிக்கு மேல் போயிற்று.

பின்னாலேயே பனி கிழிந்தது.
முதலில் நான்கு. பிறகு நாற்பது.
பிறகு, இவர்கள் கெட்டில் என்கிறார்கள் இதை,
கொதிநீரில் போட்ட மிளகாக
வானத்தின் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று
மேலே போய் வழிந்தன அகல்சிறகுப் பருந்துகள்.
வெண்டல் பத்துப் பத்தாக உரக்க எண்ணினார்,
அறுநூறில் குரல் உடைந்து
மறுபடி ஐந்நூற்றிலிருந்து ஆரம்பித்தார்.
பணத்தைப் பற்றிக் கேட்டால் சொல்ல
ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். வீண்.

நான்கு மணிக்கு இறங்கினோம்.
பின்சீட்டில் டெல்ஃபீன்
கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினாள்.
வேகத்தடைகளில் மெதுவாகப் போனேன்.

வண்டியை நிறுத்தியதும் தாளைக் கேட்டாள் மார்லிஸ்.
இடப்பக்கம் இரண்டாயிரத்துச் சொச்சம்.
காலையில் போட்ட அந்தப் பூஜ்யம் உறுத்தவே
ரப்பரை எடுத்தேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.
"அது இருக்கட்டும்," என்றாள்,
"அப்போதும் உட்கார்ந்துதானே இருந்தோம்."